பதினேழாம் குழாயில் வெட்டிய பெயர்

மலையிறங்கி வரும் மாலைக் காற்று மண்டபத்து வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் இந்த வேளையில், விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் போடி பாத்திர வணிகர் சங்கத் தலைவர், பாவாடை சட்டையோடு நான் எங்கள் கடை மேசையில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து என்னை அறிந்த பலவேசம் அண்ணாச்சி அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் வார்த்தைக்கு வார்த்தை என்னை வானத்தில் ஏற்றி வைத்துவிட்டு, இறங்க ஏணி வைக்காமல் போய் உட்கார்ந்துவிட்ட செயலாளர் செல்வமணி அவர்களே! வயதாலும் வாழ்வாலும் மூத்த பெரியோர்களே! சோற்றுப் பானை முதல் சொம்பு வரை தேய்த்துத் தேய்த்து, பாத்திரம் பளபளக்கத் தங்கள் கைரேகையைக் கொடுத்துவிட்டு, முன் வரிசையில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வருடம் முழுக்கக் கடைகளில் நின்றுகொண்டே இருந்துவிட்டு, இன்று ஒருநாள் நாற்காலி கண்ட தொழிலாளத் தோழர்களே! கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரே! எல்லோருக்கும் என் வணக்கம்.

பெரியோர்களே, நான் பேச வந்த பேச்சு வேறு, பேசப் போகும் பேச்சு வேறு. நான்கு பக்கம் எழுதி எடுத்து வந்தேன். 'எஃகின் ஏற்றம், எவர்சில்வரின் மாற்றம், என் ஊரின் தோற்றம்' என்று எதுகையும் மோனையும் போட்டு அடுக்கியிருந்தேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய பழைய திமிர், வேறென்ன? அந்த நான்கு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் அண்ணாச்சி இந்தத் தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். அதைப் பார்த்ததும் என் கண் கலங்கியது. மகள் மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று நீங்கள் கை தட்டினீர்கள். மகிழ்ச்சி இல்லை, தாய்மார்களே. அதிர்ச்சி. நெஞ்சில் ஓங்கி உதைத்த அதிர்ச்சி.

செய்தித்தாளைப் பார்த்துத்தான் இந்த விழா எடுத்தீர்கள். 'அணு உலைக்கான புதிய எஃகைக் காப்பாற்றிய போடி மகள்' என்று போட்டிருந்தார்கள். சோதனைக் குழாய் ஒன்று விரிசல் விட்டது, அது எதனால் என்று கண்டுபிடித்தவள் ஜெபஷீலா. அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. எதனால் விரிந்தது என்று நான்தான் கண்டுபிடித்தேன். யாரால் விரிந்தது? அது அந்தச் செய்தியில் இல்லை. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எவர்சில்வர்! அந்தச் சொல்லை ஒருமுறை வாயில் போட்டுப் பாருங்கள். என்றைக்கும் வெள்ளி. என்றைக்கும் மங்காது, என்றைக்கும் மாறாது, என்றைக்கும் துருப்பிடிக்காது என்று நம் கடைவீதி கொடுத்த வாக்குறுதி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இரும்பு எப்படித் துருப்பிடிக்காமல் இருக்கும்? இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தைச் சேர்த்து உருக்குகிறார்கள். அந்தக் குரோமியம் காற்றுப் பட்டதும் எஃகின் மேல் ஒரு தோல் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத தோல். தலைமுடி ஒன்றைப் பல்லாயிரம் பங்காக வகிர்ந்தால் அதில் ஒரு பங்கின் கனம். கீறினால் தானே ஆறிவிடும். நீங்கள் நாரைப் போட்டுத் தேய்க்கிறீர்களே, அப்போதெல்லாம் அது உரிந்து உரிந்து மறுபடி வளர்கிறது.

அப்படியானால் அது கெடவே கெடாதா? கெடும்! உப்புப் போட்ட மாங்காயை எவர்சில்வர் தூக்கில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், அடியில் ஊசி குத்தியது போலக் குழி விழும். உப்பு அந்தத் தோலில் ஓட்டை போடும். இது படிக்காமலே உங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஊறுகாயை ஜாடியில் போடுகிறீர்கள்.

இப்போது அணு உலைக்கு வருகிறேன். மூன்றாம் வரிசையில் ஒரு அண்ணன் வாயைத் திறக்கிறார். இல்லையண்ணே, இங்கே உலை எதுவும் வரவில்லை, நான் கொண்டுவரவும் இல்லை. நான் வேலை பார்ப்பது இரண்டு நாள் ரயில் தூரத்தில், வடக்கே ஒரு கடற்கரையில். நாளைக்குக் கட்டப்போகும் புதுவகை உலைகளுக்கு என்ன எஃகு தாங்கும் என்று சோதித்துப் பார்க்கும் தொழிற்கூடம். அதன் பெயர் இந்த மேடைக்கு வேண்டாம்.

அந்தப் புதுவகை உலையின் சூட்டைச் சுமந்து வருவது தண்ணீர் அல்ல. உருகிய சோடியம். ஐந்நூறு டிகிரிச் சூட்டில் தண்ணீராய் ஓடும் ஒரு உலோகம். அந்தச் சூட்டை வாங்கி நீராவியாக வேண்டியதுதான் தண்ணீர். சோடியமும் தண்ணீரும் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும்? தீ! வெடி! அந்த இரண்டையும் தொடவிடாமல் நடுவில் நிற்பது எது? ஒரு குழாயின் சுவர். அதன் கனம் எவ்வளவு? இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். உங்கள் வீட்டு இட்லித் தட்டில் மூன்றை அடுக்கினால் வரும் கனம். அந்தச் சுவர் நாற்பது ஆண்டு நிற்க வேண்டும். இடையில் அவிழ்த்துப் பார்க்க முடியாது, ஒட்டுப்போட முடியாது, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கவும் முடியாது.

மேடையில் அண்ணாச்சி என் காதோரம் கேட்டார், அதுக்குக் காந்தம் ஒட்டுமா என்று. ஒட்டும் அண்ணாச்சி! நம் கடைவீதியில் காந்தம் ஒட்டாவிட்டால் அசல், ஒட்டினால் மட்டம். எங்கள் குழாயில் காந்தம் பச்சக்கென்று ஒட்டும். உங்கள் கணக்கில் அது சுத்த டூப்ளிகேட். ஆனால் அந்தச் சூட்டையும் அந்த நீராவியையும் தாங்க அந்த ஒட்டுகிற வகைதான் வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள். இதற்கப்புறம் சிரிக்க இடமிருக்காது.

ஏழு ஆண்டுகள், பெரியோர்களே! நாற்பது பேர்! ஒரு பிடி குரோமியம் கூட்டி, ஒரு சிட்டிகை வேறொன்றைக் குறைத்து, உருக்கி, இழுத்து, உடைத்து, மறுபடி உருக்கி, ஏழு ஆண்டு கழித்து முப்பத்தாறு சோதனைக் குழாய்கள் செய்தோம். வேண்டுமென்றே உப்புக் கலந்த நீராவியில் அவற்றை வைத்து, சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி சூடேற்றி, ஆறாயிரம் மணி நேரம் வதைப்பதுதான் பரீட்சை. தாங்கினால் எஃகு தேறும். தாங்காவிட்டால் ஏழாண்டு உழைப்பும் குப்பைக்கூடைக்குப் போகும். ஆயிரத்து எண்ணூறாவது மணி நேரத்தில் பதினேழாம் குழாய் விரிசல் விட்டது.

அது முதல் அதிர்ச்சி. ஏனென்றால் தரச் சோதனைக்குப் பொறுப்பு நான். முப்பத்தாறையும் கருவி வைத்துப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, குறையில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். குறையில்லாத குழாய் ஏன் விரிந்தது? எஃகே மோசமா? அப்படித்தான் முடிவு கட்டப் பார்த்தார்கள். நாற்பது பேரும் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

குழாயை அறுத்து, கழுவி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தோம். திரையில் விரிசல் தெரிந்தது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று பின்னோக்கிப் போனோம். குழாயைப் பிடித்திருக்கும் பட்டை ஒன்று மறைத்திருந்த இடம். அங்கே ஒரு குழி. பக்கத்தில் இன்னொரு குழி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. உப்பு தானாகக் குழி பறித்தால் கண்ட இடத்தில் பறிக்கும். இது வரிசையாக இருந்தது. படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கினோம். புள்ளிகள் கோடாயின. கோடு வளைந்தது. வளைந்து சுழித்தது. புழு ஊர்ந்தது போல இருக்கிறதே என்றார் ஒரு வடநாட்டு நண்பர். புழுவா? ஐயோ, புழுவா? அது ஒற்றைக்கொம்பு! மகரத்துக்கு முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பு! அந்த அறையில் பதினோரு பேர் இருந்தோம். தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டினேன். மொ. க். க. ம். மா. ள்.

மொக்கம்மாள்!

எண்ணிப் பாருங்கள். சோடியத்தையும் தண்ணீரையும் பிரித்து நிறுத்த வேண்டிய எஃகில், ஏழாண்டுத் தவத்தின் மேல், எள்ளை வரிசை வைத்தது போலப் பொடிப் பொடிப் புள்ளியாக மொக்கம்மாள்! வெட்டிய கோட்டுக்குள் உப்பு தங்கியது. தங்கிய இடத்தில் குழி விழுந்தது. சூடும் ஆறலும் மாறி மாறி இழுத்ததில் அந்தக் குழி விரிசலாயிற்று. எஃகின் மேல் குற்றமில்லை, குற்றம் வெட்டிய கையின் மேல் என்று நான் சொன்னதும் நாற்பது பேரும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எஃகு பிழைத்தது. நான் மட்டும் அந்தத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியும். வெட்டிய கை யாருடையது என்றும் தெரியும். அந்தக் கொம்பின் சுழியை வெட்டுகிற எல்லோரும் ஒரு சுற்றோடு விட்டுவிடுவார்கள். உள்ளே இன்னொரு சுற்றுச் சுற்றி நிறுத்துகிறவர் இந்தப் போடியில் ஒரே ஒருவர்.

கருத்தக்கண்ணன். என் அப்பா கிறிஸ்டோபரின் பாத்திரக் கடையில் இருபத்திரண்டு ஆண்டு பேர் வெட்டியவர். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாங்க வந்தவரை நிமிர்ந்து பார்த்து இரண்டே கேள்வி கேட்பார். 'யாரு பேருக்கு? யாரு உபயம்?' பதில் வந்ததும் மிஷின் டிர்ர்ர் என்று பேச ஆரம்பிக்கும். பாண்டியம்மாளுக்கு, உபயம் தாய்மாமன். முடிந்தது. பேர் வெட்டாத பாத்திரம் நம் ஊரில் கடைப்படி இறங்குமா? பேர் இல்லாத குடத்தை விசேஷ வீட்டில் இறக்கி வைத்தால் திரும்பி வருமா? வராது என்று தலையாட்டுகிறீர்கள் பாருங்கள், அதுதான் நம் ஊர். பேர் இருந்தால்தான் அது ஒருவருடையது.

அவரைப் பெற்றவர் மொக்கம்மாள். வடுகபட்டிப் பூண்டு மண்டியில் பூண்டு தரம் பிரித்துப் பிள்ளையை வளர்த்தவர். அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். தட்டில் ஒருவர் பேர் இருக்கும். சொம்பில் இன்னொருவர் பேர் இருக்கும். குழம்புச் சட்டியில் 'முதலாம் ஆண்டு நினைவாக' என்று நமக்குத் தெரியாத யாரோ ஒருவர் இருப்பார். விசேஷ வீடுகளில் கொடுத்தது, வேலை செய்த வீடுகளில் கழித்தது. ஊருக்கெல்லாம் பேர் வெட்டிய மகன் வீட்டில், பெற்றவள் பேர் போட்ட பாத்திரம் ஒன்றுகூட இல்லை. ஒன்று வாங்கி வெட்டித் தருகிறேன் என்று மகன் கேட்டால், 'எம்பேரு எதுக்குலே, நான் என்ன ஓடியா போகப் போறேன்' என்று முடித்துவிடுவாராம்.

எங்கள் தொழிற்கூடத்தில் குழாய்களுக்குத் தகட்டில் எண் வெட்டிக் கட்ட நிதானமான கை வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரே ஒரு கைதான் ஞாபகம் வந்தது. நான்தான் அழைத்துப் போனேன். அங்கே விதி ஒன்றுதான். எண்ணைத் தகட்டில் வெட்டு, தகட்டைக் குழாயில் கட்டு, குழாய் மேல் ஊசி முனைகூடப் படக் கூடாது. மூன்று ஆண்டு அந்த விதியிலிருந்து அவர் மயிரிழை விலகியதில்லை.

முப்பத்தாறு குழாயையும் உறை போட்டு அனுப்பும் நாள் வந்தது. மொக்கம்மாள் இறந்து நாற்பது நாள். மொட்டையடித்த தலையில் அவருக்கு முடி அரும்பிக்கொண்டிருந்தது. நான் கடைசிக் கையெழுத்தையும் போட்டு முடித்துவிட்டேன். ஏழாண்டுப் பாரம் இறங்கிய குதூகலம் எனக்கு. பதினேழாம் குழாய்க்கு உறை மாட்டிக்கொண்டு வாடிய முகத்தோடு அவர் நின்றார். தேற்றுகிறேன் என்று போனேன். என்ன சொன்னேன் தெரியுமா? ஊர்ப் பேச்சில், உரிமையோடு, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"என்னண்ணே இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? நாப்பது வருசத்துக்குத் துருவே புடிக்காத எவர்சில்வரு இது. ஆத்தா பேர இதுல வெட்டிவிட வேண்டியதுதான?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படியே போய்விட்டேன்.

ஆம் தாய்மார்களே, அந்த 'ஐயோ' எனக்குக் கேட்கிறது. வெட்டியது அவர் கை. வெட்டச் சொன்னது என் வாய்! வேடிக்கைக்குச் சொன்னேன் என்கிறேன். யாருக்கு வேடிக்கை? சொன்னது யார்? கிறிஸ்டோபர் கடைப் பிள்ளை. தரச் சோதனை அதிகாரி. குறையில்லை என்று கையெழுத்துப் போடுகிறவள். தோல், உப்பு, குழி, விரிசல் என்று இவ்வளவு நேரம் உங்களுக்குப் பாடம் நடத்தினேனே, இத்தனையும் தெரிந்த நான், அந்த எஃகை எவர்சில்வர் என்றேன். என்றைக்கும் வெள்ளி என்றேன். அவர் அதை நம்பினார். நம்பி, நாற்பது நாளைக்கு முன் போன தாய்க்கு, நாற்பது ஆண்டு நிற்கும் என்று பேர் வெட்டினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொன்னதை அன்றே மறந்துவிட்டேன். நுண்ணோக்கியில் பேரைப் பார்த்தபோதுகூட, தாய்ப் பாசத்தில் மனிதர் இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் நினைத்தேன். எப்போது நினைவுக்கு வந்தது? அதுதான் இரண்டாவது அதிர்ச்சி.

அங்கே வெட்டும் கை அவருடையது ஒன்றுதான் என்பதால், போன மாதம் மூன்று பேர் கொண்ட குழு அவரை விசாரித்தது. கருத்தக்கண்ணனுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் இந்தி தெரியும். மொழிபெயர்க்க யாரை உட்கார வைத்தார்கள்? என்னை! குழுத் தலைவர் என் பக்கம் திரும்பி, யாராவது சொல்லி இதைச் செய்தாரா என்று கேளுங்கள் என்றார். கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அந்த நொடியில் நான் சொன்ன சொல், சிரித்த சிரிப்பு, அவர் கையில் இருந்த உறை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. திறந்த வாயை என்ன செய்வது? கேட்டேன். நானே கேட்டேன்!

"யாராச்சும் சொல்லிச் செஞ்சீகளாண்ணே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல. எங்க ஆத்தா பேரு. நானாத்தேன் வெட்டுனேன்."

அதை நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இலக்கணம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பொய் என்று தெரிந்த பொய்யைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தவளுக்குத்தான், பெரியோர்களே, நீங்கள் இந்த ரோஜா மாலையைப் போட்டீர்கள்.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவரைப் பிடித்தேன். ஏன் அண்ணே சொல்லவில்லை என்று கேட்டேன். கடையில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டார். "பாப்பா, நீக வெளாட்டுக்குச் சொன்னீக. வெளாட்டுன்னு வெளங்காம வெட்டுனது நாந்தான?" அதைக் கேட்டபோது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதி வந்தது. நெஞ்சு நிறைய நிம்மதி! மூன்றாவது அதிர்ச்சி அதுதான். இந்த ஜெபஷீலாவுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனி எந்த அணுசக்தி வேலையிலும் சேர்க்கக் கூடாது என்று குழு எழுதியிருக்கிறது. நாசவேலை என்ற சொல்லும் அதில் இருக்கிறது. நாசவேலை! ஆத்தா பேரை வெட்டியவருக்கு அந்தப் பட்டம்! அவரைப் போலீசில் ஒப்படைப்பதா வேண்டாமா என்று வருகிற திங்கட்கிழமை முடிவெடுக்கிறார்கள். இதோ, என் பையில் இருக்கும் இந்தக் காகிதம் அவர் வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு. மூன்றாம் பக்கத்தில், 'யாரும் சொல்லவில்லை' என்ற வரிக்குக் கீழே, சரிபார்த்தேன் என்று அதே திங்கட்கிழமை நான் கையெழுத்திட வேண்டும். மறைக்காமல் சொல்கிறேன், கையெழுத்திடுவது என்ற முடிவோடுதான் இந்த ஊருக்கு வந்தேன். மாலையை வாங்கிக்கொண்டு, நான்கு பக்கத்தை முழங்கிவிட்டு, விமானம் ஏறிவிடலாம் என்றுதான் வந்தேன்.

அப்போது அண்ணாச்சி இந்தத் தாம்பாளத்தைக் கொடுத்தார். 'முனைவர் ஜெபஷீலா அவர்களுக்கு, உபயம் பாத்திர வணிகர் சங்கம்.' என் பேரின் முதல் எழுத்து என்ன? ஜெ. அதற்கு முன்னால் நிற்பது எது? ஒற்றைக்கொம்பு! உள்ளே ஒரு சுற்று அதிகம்! திரையில் நான் பார்த்த அதே சுழி! இது யார் வெட்டியது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "நம்ம கருத்தக்கண்ணந்தேம்மா. பாப்பா பேர நாந்தேன் வெட்டுவேன்னு காலையிலயே வந்து உக்காந்துட்டான்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். தன் பேரைக் கெடுத்தவளின் பேரை வெட்டும்போது ஒரு மனிதனின் கை நடுங்காதா? ஒரு புள்ளியாவது தடுமாறாதா? இதோ, தூக்கிப் பிடிக்கிறேன், பாருங்கள். ஒரு புள்ளி பிசகவில்லை. நுண்ணோக்கி வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணால் சொல்கிறேன், ஒரு புள்ளி பிசகவில்லை.

கடைசி வரிசையில இருக்க அண்ணே, எந்திரிக்காதீக. அங்கனயே உக்காருங்க. மேடைக்குக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டு, மாலையைக் கழற்றி உங்கள் கழுத்தில் போட்டால் அதுவும் ஒரு நாடகமாகிவிடும். கை தட்டாதீர்கள், தயவுசெய்து கை தட்டாதீர்கள்! அண்ணாச்சி ஒரு சீட்டு நீட்டுகிறார். 'போதும்மா' என்று எழுதியிருக்கிறது. போதாது அண்ணாச்சி, இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள்.

எஃகின் தோல் கீறினால் தானே ஆறும் என்றேன். ஆனால் எப்போது ஆறும்? கீறலுக்குள் உப்பு தங்காதவரைக்கும்தான் ஆறும். தங்கிவிட்டால் மேலே பளபளக்கும், உள்ளே அரிக்கும், ஒருநாள் யாரும் எதிர்பாராத நேரத்தில் விரியும். ஒரு மாதமாக நான் மேலே பளபளத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இந்தக் காகிதத்தில், அந்த வரிக்குக் கீழே, 'இது உண்மையல்ல. சொன்னது நான்' என்று எழுதிக் கையெழுத்திடப் போகிறேன். அங்கே தனியாகச் சொல்ல வேண்டியதை ஏன் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்? என்னை எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான்! மதுரையில் விமானம் ஏறி இறங்குவதற்குள் எனக்கு நூறு நியாயம் தோன்றும். வேலை, வயது, மகளின் படிப்பு, நாற்பது பேரின் நம்பிக்கை என்று ஒவ்வொன்றாக வந்து கையைப் பிடிக்கும். பயமாகத்தான் இருக்கிறது, தாய்மார்களே. இப்போது இந்த ஊர் கேட்டுவிட்டது. இனி நான் பின்வாங்கினால் இந்தக் கடைவீதியில் கால் வைக்க முடியாது. அந்தக் கட்டு எனக்கு வேண்டியிருந்தது.

இந்தத் தாம்பாளத்தை அண்ணன் வீட்டுக்கே கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். கொடுத்தால் என்ன ஆகும்? அந்த வீட்டில் இன்னொருத்தி பேர் போட்ட பாத்திரம் ஒன்று கூடும். அவ்வளவுதான். ஆகவே அண்ணாச்சி, இதை நானே எடுத்துப் போகிறேன். விருதாக அல்ல. திங்கட்கிழமை அந்த மேசையில் பதினேழாம் குழாயின் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கொம்பையும் பாருங்கள் ஐயா, நாசவேலை செய்கிற கை இப்படியா வெட்டும் என்று கேட்பதற்காக எடுத்துப் போகிறேன்.

அந்தக் குழாய்த் துண்டை எங்கள் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள், எஃகில் கீறல் பட்டால் என்ன ஆகும் என்று பாடம் சொல்வார்கள். எனக்குப் பின்னாலும் அது அங்கே இருக்கும். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. கருத்தக்கண்ணன் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் கேட்பது எத்தனை கேள்வி? இரண்டு! யாரு பேருக்கு? யாரு உபயம்? வாழ்க்கையிலேயே முதல் முறையாக, அந்தக் குழாயில் ஒன்றுக்கு மட்டும் பதில் வெட்டிவிட்டு, மற்றதை விட்டுவிட்டார். மறந்தா விட்டார்? கேட்டபோதுகூடச் சொல்லாமல் விட்டார். விசாரணை அறையில் நான் கேட்டதும் அந்தக் கேள்விதானே? விட்ட பதிலை இந்த ஊர் அறிய நான் நிரப்புகிறேன். பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் இனி இதுதான் இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்கப் போகிறேன்.

யாரு பேருக்கு? மொக்கம்மாள்.

யாரு உபயம்? ஜெபஷீலா.

கொண்டாட வந்து இதையும் கேட்டுப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. முதல் வணக்கம் கடைசி வரிசைக்கு. அடுத்தது மற்ற எல்லோருக்கும்.